ஈரக்குலை

போன தடவை எடுத்த ஸ்கேனையும் இன்று எடுத்ததையும் டாக்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதிரே பம்ப் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

“குடி ஈரல்ல கொழுப்பைச் சேர்க்கும். கூடவே சிகரெட்டும் பிடிச்சா, நிகோடின் அதை இன்னும் அதிகமாக்கும். அதனாலதான் ரெண்டையும் ஒண்ணா விடச் சொன்னேன்.”

“பம்புல மண்ணோட துருவும் சேர்ந்த மாதிரிங்க.”

“துருப்பிடிச்ச பம்பு தானா சரியாகாது. ஈரல் ஆகும். உங்களுக்கு ஆயிடுச்சு. கொழுப்பு கரைஞ்சிடுச்சு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் கரடியாக் கத்தியும் விடாத மனுஷன் டாக்டர், இவரு.”

மெக்கானிக் எழுந்து வார்டுக்கு நடந்தார். அங்கே கட்டிலில் படுத்திருந்த மகள், மஞ்சள் பூத்த கண்களைத் திறந்தாள்.

“என்னப்பா சொன்னாங்க?”

“சின்ன வயசுலேர்ந்து உன்னை என்னன்னு கூப்பிடுறேன்?”

“ஈரக்குலைன்னு.”

“என்னோட ஈரக்குலைல பாதிய வெட்டி உனக்கு வைக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

மகள் அவர் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். “சிகரெட் நாத்தம் அடிக்காதுல்லப்பா?”

“அடிக்காதுடி. உனக்குன்னுதான் இத்தனை மாசமா கழுவிட்டிருந்தேன்.”