தினெக்கேயின் நாற்காலி

மறதிநோய்க்காரர்களும் துணைக்கு வருபவர்களும் கூடும் செவ்வாய்க்கிழமை காபிக்கூட்டத்தில், ஹார்மென் தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. "அது தினெக்கே இடம்" என்பார். கட்டிய பெண்டாட்டி பெயரையே மறந்துபோன மனிதர்! வில்மாவுக்கு வயிறு எரிந்தது.

"எவடீ அந்த தினெக்கே?" என்று, தன் அம்மாவுக்குத் துணையாக வந்திருந்த லீஸ்பெத்திடம் கேட்டாள்.

லீஸ்பெத் முகம் மாறிவிட்டது. "எங்கம்மாவும் காபியோட தர்ற ஒத்தை பிஸ்கட்டை அவளுக்குத்தான் எடுத்து வைக்கிறாங்க. அம்மாவைப் போன மாசந்தான் குரோனிங்கன் ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்தேன், இங்க யாரையும் அவங்களுக்குத் தெரியாது."

அன்றுதான் முதன்முதலாக வந்த கிழவர் ஒருவர், காலி நாற்காலியைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். "சௌக்கியமா, தினெக்கே?"

வில்மாவுக்குப் பொறுக்கவில்லை. போய் அதில் தொப்பென்று உட்கார்ந்தாள். மறதிக்காரர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஹார்மென் அவள் பக்கம் குனிந்தார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்.

"எந்திரி, வில்மா. அவ மடியில உக்காந்திருக்க."