கட்டிலுக்கு எதிரே ஓர் ஆணி

காட்டை ஒட்டிய என் நிலத்தைப் பையன் பேருக்கு எழுதிக் கொடுத்த ஆறே மாதத்தில் அங்கே ஐந்து மரக் குடில்கள் எழும்பிவிட்டன. ஊற்றுத் தண்ணீர், சோலார் விளக்கு. கரண்ட் கம்பி கிடையாது. டவுனில் சலித்தவர்கள் வந்து தங்கிப் போவார்களாம்.

ஆறாவது குடிலுக்கு மட்டும் என்னிடம் யோசனை கேட்டான். "வயசானவங்களுக்குன்னு கட்டறதுப்பா. நீங்களே சொல்லுங்க."

ரிடையர் ஆன பிறகு வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

"படி நாலு அங்குலத்துக்கு மேல வேண்டாம், முட்டி தாங்காது. பாத்ரூம்ல கைப்பிடி வை. கட்டிலுக்கு எதிர்ல ஒரு ஆணி அடி, கடிகாரம் மாட்டலாம்."

மருமகள் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

"போன் சிக்னலே இல்லையேம்மா. ஒரு வாரத்துக்கு மேல எவன் இருப்பான்?"

"பழகிடும் மாமா."

திறப்பு நாளன்று காரில் கிளம்பினோம். பின்சீட்டில் என் பக்கத்தில் ஏகப்பட்ட பெட்டிகள்.

"இதெல்லாம் யாருதுடா?"

"முதல்ல தங்க வர்றவங்களோடதுப்பா."

"அவங்க வந்தாச்சா?"

"வந்துட்டிருக்காங்க" என்றான், ரோட்டைப் பார்த்தபடியே.

குடில் வாசலில் சாவியை என்னிடம் நீட்டினான். "நீங்களே திறங்கப்பா."

பெருமையோடு திறந்தேன். கட்டிலுக்கு எதிரே, நான் சொன்ன இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள். அதில், கண்ணாடி மாற்றக் கொடுத்திருப்பதாக மருமகள் சொன்ன என் மனைவியின் படம் தொங்கியது.

வெளியே பையன் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான்.