அக்கரையில் புகை

ஹியூவான் ஆற்றங்கரையில் கேரவனை நிறுத்திவிட்டு, மெர்வ் மடக்கு நாற்காலியில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தென்கோடியில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்; நண்பகல் வெயிலில் பெயருக்குக்கூடச் சூடு இல்லை. இலை உதிர்ந்த ஆப்பிள் மரங்களின் நிழல் புல்லின்மேல் நூல் நூலாகக் கிடக்கிறது. பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீர் கையிலேயே ஆறிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து நோலீன் என்ற குவீன்ஸ்லாந்துக்காரி இறங்கி, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே வருகிறாள். “நாங்க நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வர்றோம். நீங்க எங்கேருந்து?” மெர்வ் கோப்பையாலேயே அக்கரையைக் காட்டுகிறார். “அந்தப் பச்சைக் கூரை வீடு.” அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “அட, இதுக்கு எதுக்குங்க கேரவன்? நீந்தியே வந்திருக்கலாமே!” அவரும் சிரித்துவைக்கிறார். பச்சைக் கூரையின் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை நேராக எழுகிறது. “வீட்டம்மா கணப்புப் பக்கத்துல சொகுசா உக்காந்துக்கிட்டு, உங்களை வெளிய துரத்திட்டாங்களாக்கும்?” “ஆமா. ஐரிஸுக்குக் குளிரே ஆகாது.” புருஷன் கூப்பிடும் குரல் கேட்டு நோலீன் போய்விடுகிறாள்.

ஐரிஸ் போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. காலையில் கணப்பில் மூன்று பெரிய கட்டைகளை அடுக்கி, தீ நன்றாகப் பிடிக்கும்வரை காத்திருந்து, அதன் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தவர் மெர்வ்தான். இங்கிருந்து பார்க்கையில் வீட்டில் ஆள் இருக்கிறது. ஆற்றில் இன்னும் ஒரு வளைவு தாண்டிப் போனால், புகை கண்ணில் படாது.