முப்பத்தெட்டு வரை எண்ணியவள்

"வந்துட்டாரு லா, கிரெடிட் கார்டு வீரர்!"

பிரான்க்ளின் உள்ளே நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். மலாக்கா பாச்சாங்கில் அந்தச் சின்ன ஹால் முழுக்கச் சிரிப்பு.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. சம்பளம் வந்ததும் போன் கேமில் புதுசு புதுசாகக் கத்தியும் கவசமும் வாங்கிப் போட்டுக்கொள்வான். போன வருஷம் இதே ஹாலில் எல்லாரையும் அடித்துச் சாம்பியன் ஆனான். மலாக்காவுக்காக ஆட கோலாலம்பூருக்கு, கே.எல்.லுக்குப் போனான். அங்கே எல்லாருக்கும் ஒரே ஆயுதம். முதல் ஆட்டத்திலேயே சுருண்டு திரும்பி வந்தான்.

இங்கே இறுதி ஆட்டத்தில் அவனிடம் தோற்றவள் ஜோனிட்டா. புக்கிட் காத்திலில் அம்மா பாட்ரீசியாவோடு கோப்பிக் கடை பார்க்கிறாள். கேமுக்கு ஒரு சென் செலவு செய்ததில்லை. அவள் வீரன் கையில் ஓசியில் கிடைத்த கத்திதான். பிரான்க்ளினின் ஒரே அடி, ஆள் காலி.

இந்த வருஷமும் ஐந்து பேரை ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டாள். எதிரே பழைய சாம்பியன். ஜெயிக்கிறவருக்கு கே.எல்.

"இதிலயும் தோத்தா கேமை அழிச்சிடுவேன்னு நீயேதான் சொன்ன," என்றாள் பாட்ரீசியா.

"அழிக்க வேண்டியிருக்காதும்மா."

போட்டி நடத்துகிற ஜெயராஜ் மைக்கைப் பிடித்தார். "இறுதி ஆட்டம் மட்டும் இந்த வருஷம் வேற மாதிரி. கே.எல்.ல வைக்கிறாப்ல சம ஆயுதம். வாங்கின கத்தி, கவசம் எதுவும் வேலை செய்யாது."

பின்வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பிரான்க்ளினின் கூட்டாளி தினேஷ்வரன் கோபத்தில் துள்ளிக் குதித்தான்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்காக ரூல மாத்துவீங்களா? இவன் வாங்கி வெச்சதெல்லாம் என்ன சம்பாவா, குப்பையில போட?"

ஜெயராஜ் காதில் விழாத மாதிரி இருந்தார். பிரான்க்ளினும் வாயைத் திறக்கவில்லை. போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பேச்சே வரல பாரும்மா," என்று ஜோனிட்டா கிசுகிசுத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. எடுத்த எடுப்பிலேயே பிரான்க்ளின் பெரிய இடியை இறக்கினான். ஜோனிட்டாவுக்குப் பாதி உயிர் போயிற்று. பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள். அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"என்ன லா, ஜெபம் பண்ணுதா?" என்றான் தினேஷ்வரன்.

ஜெபம் இல்லை, எண்ணிக்கை. ஒரு இடி விழுந்தால் அடுத்த இடிக்கு முப்பத்தெட்டு விநாடி. கடையில் அரைவேக்காட்டு முட்டைக்கே கடிகாரம் பார்க்காதவள் அவள். வாயில் எண்ணியே எடுப்பாள், மஞ்சள் ஓடும் பதம் ஒரு நாளும் தப்பாது. ஒரு வருஷமாகக் கத்தி வாங்கினவர்களிடம் அடி வாங்கி வாங்கி, எந்த அடி எப்போது திரும்பி வரும் என்று ஒவ்வொன்றாக மனசில் ஏற்றியிருந்தாள். வாங்க முடியாதவள் எண்ணித்தானே ஆகணும்?

இருபதில் வெளியே வந்து இரண்டு வெட்டு. முப்பத்தேழில் மறுபடி பாறைக்குப் பின்னால். இடி வெறுந்தரையில் விழுந்தது.

பிரான்க்ளினும் லேசுப்பட்டவன் இல்லை. மூன்றாவது தடவை இடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் தலை நீட்டியதும் இறக்கினான். நூலளவு உயிர்தான் மிச்சம். பாட்ரீசியா ஹாலுக்குக் கோப்பி கொண்டுவந்த தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

நான்காவது தடவையும் அவன் காத்திருந்தான். ஜோனிட்டா ஒரு கால் வைத்தாள். இடி இறங்குவதற்குள் பின்னால் இழுத்துக்கொண்டாள். அதுவும் வீண்.

இனி முப்பத்தெட்டு விநாடி அவளுடையது. அவசரமே இல்லாமல் நேரே நடந்து போனாள். பதினைந்திலேயே முடித்துவிட்டாள்.

"மாதாவே!" என்று பாட்ரீசியா போட்ட சத்தத்தில் ஜெயராஜுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

பிரான்க்ளின் எழுந்து வந்து கை கொடுத்தான். "நல்லா ஆடினம்மா. எனக்கு அந்த எண்ணிக்கை வரல."

ஜோனிட்டாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சிங்கப்பூர் காசு இங்க செல்லலையே அண்ணே?"

ஹால் வெடித்துச் சிரித்தது. அவனும் கொஞ்சம் சிரித்துவிட்டு வெளியே போய்விட்டான்.

கோப்பையை வாங்கும்போது ஜோனிட்டா சொன்னாள். "ரொம்ப தேங்க்ஸ் ஜெயராஜ் அண்ணே. நீங்க மட்டும் சம ஆயுதம் வைக்கலன்னா, அவரு இந்தத் தடவையும் என்னைக் காசாலயே அடிச்சிருப்பாரு."

"நானா வெச்சேன்?" ஜெயராஜ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "பழைய சாம்பியன் சரின்னு சொல்லாம இறுதி ஆட்டத்து ரூல்ல கை வைக்க முடியுமா? சொல்லக் கூடாதுன்னான். இனிமே சொன்னா என்ன?"

போனைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினார். போன வாரம், அவள் இறுதிக்கு வந்த அன்றைக்கே பிரான்க்ளின் அனுப்பிய செய்தி.

'அண்ணே, போன வருஷம் நான் போய் மலாக்கா பேரைக் கெடுத்தது போதும். சம ஆயுதம் போடுங்க. எங்க ரெண்டு பேர்ல ஆட்டம் தெரிஞ்ச ஆள் போகட்டும். நான்தான் கேட்டேன்னு ஜோனிட்டாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணு பாவம் பார்த்துக் கைய அடக்கி ஆடிடும்.'