கை தட்டினால் நடக்கும்

2009 பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், காலை பத்தரை மணிக்கு, செம்மண்டலத்தில் ரிப்பேர் கடை வைத்திருந்த இளவரசுவின் மேசைமீது தனசேகர் பொம்மை ரோபோவைத் தூக்கிப் போட்டார். கூட வந்த அவர் மனைவி தமிழ்ச்செல்வி வாசலோடு நின்றுகொண்டாள்.

"மூணாவது தடவயா எடுத்தாறன். கை தட்டுனாத்தான நடக்கணும்? எங்க வூட்ல யாரும் தட்டாமலே நடக்குது. என்னாய்யா ரிப்பேர் பண்ற?"

இளவரசு ரோபோவின் முதுகைத் திறந்தான். போர்டில் பற்றுவைத்த இடமெல்லாம் சரியாக இருந்தது. மிளகளவு மைக்கை ஏற்கெனவே இரண்டு முறை மாற்றியாயிற்று. சுவிட்சைப் போட்டுக் கை தட்டினான். நாலடி நடந்து நின்றது. காத்திருந்தான். அசையவில்லை.

"போர்டுல ஒண்ணுமில்ல சார். போன தடவ ஒரு வாரம் ஆன்லயே வச்சிருந்தேன். தானா நடக்கவே இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

தனசேகர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பளாரென்று கன்னத்தில் அறைந்தார்.

இளவரசு மேசைமேல் சரிந்தான். உதடு கிழிந்து ரத்தம் மேசையில் சொட்டியது. அவன் முகத்துக்கு நேரே ரோபோவின் கண்கள் சிவப்பாக எரிந்தன. அது நாலடி நடந்து நின்றது.

அவன் மெல்ல நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வூட்ல இது ஒரு நாளைக்கு எத்தன தடவ நடக்கும், தங்கச்சி?"