நாலாவது இடத்துக்காரருக்கு ஒரு ஜோடி ஸ்கீ

"பளபளப்பைக் காட்டி ஏமாத்த நினைக்காதீங்க தம்பி. கெட்டிப் பனியில பிடிச்சு நிக்குமா, அதை மட்டும் சொல்லுங்க."

கடைக்கார கோர்பினியன் வாயைத் திறப்பதற்குள் நோட்புர்கா ஒரு பனிச்சறுக்கு ஸ்கீயைத் தரையில் ஊன்றி, நடுவில் முழங்காலை வைத்து வளைத்துப் பார்த்துவிட்டாள். கடைக்காரன் எவனையும் நம்பக்கூடாது என்பது அவள் கட்சி. போன வாரம் சீஸ் விற்றவனை இரண்டு தடவை எடை போட வைத்தவள்.

வாங்குவது அவளுக்கில்லை, புருஷன் கெப்ஹார்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆர்ல்பெர்க் கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் கிளப் பந்தயம். பன்னிரண்டு வருஷமாக மனுஷன் நாலாவது இடத்தைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி வளைவில் ஸ்கீ வழுக்கிவிடுகிறதாம். புதுசு வாங்கு என்றால் எதற்கு வீண் செலவு என்பார். அடுத்த வருஷம் அறுபது. அதற்குள் ஒரு தடவையாவது அவர் கழுத்தில் பதக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். சனி, ஞாயிறு விடுதிச் சமையலறையை விட்டு நகர முடியாதவள், இந்தத் தடவை சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தாள். அவள் வரப்போவது அவருக்குத் தெரியாது.

கோர்பினியன் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தான். முதலாவது திருப்பச் சுகம், ஆனால் வேகத்தில் உதறும் என்றான். அடுத்தது ஒரே விறைப்பு, இருபது வயசு முழங்காலுக்குத்தான் சரிப்படும். மூன்றாவது உள்ளே உலோகத் தகடு வைத்தது. காலையில் இயந்திரம் சீவிவிட்ட சரிவில் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். நோட்புர்கா மூன்றாவதைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு இதில்தான் லாபம் அதிகமா என்றும் கேட்டாள்.

"லாபத்தை விடுங்கக்கா. அவரு சாய்ஞ்சு திரும்புவாரா, ஸ்கீயோட வாலைத் தள்ளித் திரும்புவாரா?"

அவளுக்கு எப்படித் தெரியும்? சாப்பாட்டு மேஜையில் அவர் கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டியதுதான் தெரியும். பழைய ஸ்கீ இருந்தால் தேய்மானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றான் அவன். வண்டியில்தான் இருந்தது. நிலவறையிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். வீட்டில் யாரையும் அதைத் தொட விடமாட்டார். தானே துடைத்து, தானே பையில் போட்டு வைப்பார்.

கோர்பினியன் ஒன்றை மேஜையில் கவிழ்த்துப் போட்டு, எஃகு விளிம்பில் நகத்தை ஓட்டினான். அந்தப் பக்கமும் ஓட்டினான். இன்னொன்றை எடுத்தான். விளக்கைக் கிட்டே இழுத்தான்.

"இது வேற ஜோடியா இருக்குமோ?"

"வீட்டுல இருக்கிறதே இந்த ஒரு ஜோடிதான். பனி விழுந்தா ஒரு சனிக்கிழமைகூட விடமாட்டாரு, எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாரு. ஏன், ரொம்பத் தேஞ்சுபோச்சா? அதைச் சொல்லி விலையை ஏத்தாதீங்க."

அவன் ஸ்கீயின் அடிப்பக்கத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்பினான்.

"அக்கா, தொழிற்சாலையில உரசின கோடு அப்படியே இருக்கு. இந்த ஸ்கீ இன்னும் பனியையே பாத்ததில்ல."