வெள்ளிக்கிழமைக் கேள்வி

“பகா எண்ணுன்னா என்னன்னு ஒரு தடவை சொல்லிட்டு மேல போங்களேன்.”

கேட்டது பள்ளிப் பிள்ளை இல்லை. அந்தக் கணித ஆய்வு மையத்தையே தொடங்கிய நிறுவனர்.

கூடம் கொல்லென்று சிரித்தது. வெளியூரிலிருந்து பேச வந்திருந்த பேராசிரியர் சாக்பீஸும் கையுமாகத் திகைத்து நின்றார்.

“சார், நீங்க அதைப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்கீங்களே?”

“எழுதினேன். இப்போ நீங்க சொல்லுங்க.”

கதவோரம் உட்கார்ந்திருந்த ஆபீஸ் அம்மாவுக்கு மானமே போயிற்று. மையத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடிதம், சாவி, விருந்தினர் அறை, சாக்பீஸ் எல்லாம் அவள் பொறுப்பு. கணக்கு மட்டும் இல்லை; அதைப் பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகிவிட்டாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நிறுவனர் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டு, ஒரு அச்சகத்தின் மாடியைப் பிடித்து, சுவரெல்லாம் கரும்பலகை மாட்டியபோது கூடவே வந்தவள் அவள். வெள்ளிக்கிழமைப் பேச்சுக்குப் படித்தவர், படிக்காதவர் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது அவர் வைத்த முதல் விதி. அவள்தான் ஒருநாளும் உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை.

இன்று வந்ததற்குக் காரணம் அறங்காவலர். நிறுவனரின் மனைவிக்குத் தம்பி. காலையிலேயே வந்து அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அத்தான் வாராவாரம் சின்னப்பிள்ளை மாதிரி கேள்வி கேக்கறாராம். மறதி வந்துடுச்சோன்னு பயமா இருக்கும்மா. தலைமையை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாம்னு இன்னிக்கு சாயங்காலக் கூட்டத்துல பேசப்போறோம். நீங்க உக்காந்து பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுங்க.”

அதற்காகத்தான் தாளும் பேனாவுமாக வந்திருந்தாள்.

பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று போகும். அட, இவ்வளவுதானா என்றிருந்தது அவளுக்கு. அப்புறம் அவர் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சம் பிடிபட்டது. எவ்வளவு தூரம் எண்ணிப் போனாலும் அந்த எண்கள் தீர்ந்தே போகாதாமே! எதற்கு வந்தோம் என்பதை மறந்து, கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டே போனாள்.

பேச்சு முடிந்ததும் தன் மேசைக்குப் போய், அழாத குறையாக எழுதினாள். “ஐயாவுக்கு அடிப்படையே மறந்துவிட்டது. நானே பார்த்தேன்.” உறையில் போட்டு ஒட்டினாள்.

கூடத்தைப் பூட்டப் போனபோது நிறுவனரின் நாற்காலியில் அவருடைய குட்டி நோட்டு கிடந்தது. பாவம், இதையும் மறந்துவிட்டார் என்று எடுத்தாள். அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான். ஆனால் அந்த மனிதரின் தலைக்குள் என்னதான் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

உள்ளே கணக்கு ஒன்றுகூட இல்லை. தேதி போட்டு, வாரத்துக்கு ஒரு குறிப்பு.

“ஜன்னலோரம், புதிதாகச் சேர்ந்த பெண். மூன்றாம் வரியில் பேனா நின்றுவிட்டது. கூச்சம். நானே கேட்டேன்.”

“கடைசி வரிசை, தாடிக்காரர். பாதியில் வழி தவறிவிட்டார். பெரிய ஆள், வெளியே சொல்லமாட்டார். நானே கேட்டேன்.”

பக்கம் பக்கமாக இப்படியே. கடைசியில் இன்றைய தேதி.

“கதவோரம், நம் ஆபீஸ் அம்மா. பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. நானே கேட்டேன். அப்புறம் தாள் நிறைய எழுதினார்.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் அறங்காவலர் வந்து நின்றார். “எழுதிட்டீங்களாம்மா? கூட்டத்துக்கு நேரமாச்சு. பகா எண்ணுன்னா என்னன்னு கேட்டாராமே, நிஜமா?”

அவள் எழுந்து, கையோடு கொண்டுவந்திருந்த உறையை நாலாகக் கிழித்தாள்.

“அது அவரோட கேள்வி இல்ல சார். என்னோடது.”